திங்கட்கிழமைப் படகு

ஏப்ரல் 1, திங்கள்

கடைக்கு விடுமுறை. ஊரே வேலைக்குப் போகும் திங்கட்கிழமையில் முடி வெட்டுகிற நான் மட்டும் ஏரிக்குப் போவேன். பல வருஷப் பழக்கம். இன்று போகவில்லை. படகு இருக்கிறது, தூண்டில் இருக்கிறது, மேற்கிலிருந்து நல்ல காற்றும் இருக்கிறது. கூட வர ஆள்தான் இல்லை. இத்தனை வருஷம் கூட வந்த நோரீன் அக்காவுக்கு இடுப்பு எலும்பை மாற்றியாகிவிட்டது. இனி படகுப் பலகையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன்பிடிச் சங்க விதியோ, ஒரு படகில் ஒற்றை ஆள் போகக்கூடாது என்கிறது.

சாயங்காலம் சங்கக் கூடத்தில் சீட்டுக் குலுக்கல். துணை இல்லாதவர்களின் பெயரையெல்லாம் செயலாளர் ஃபெஸ்டியின் தொப்பியில் போட்டு எடுப்பது வழக்கம். யார் வருகிறாரோ அவரோடுதான் செப்டம்பர் கடைசியில் சீசன் முடியும்வரை. மாற்றக் கேட்கக்கூடாது. போன வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள் மாட்டிக்கொண்டார்கள். இப்போது சர்ச் பூசைக்கே ஒன்றாகத்தான் வருகிறார்கள்.

எனக்கு வந்த பெயர் கோல்மன் டூஹி. அமெரிக்காவில் மொன்டானாவில் முப்பது வருஷம் ரோடு போட்டுவிட்டு, போன குளிர்காலத்தில் இங்கே அயர்லாந்தில் ஊர் பார்க்க வந்தவர். மனைவி இல்லை, மகள் அங்கே இருக்கிறாள். சீசன் முடியும்வரைக்கும் வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஒரு குருவி குடும்பம் நடத்தலாம், அப்படி ஒரு தாடி.

"என்ன ஃபெஸ்டி, வேற சீட்டே இல்லையா?" என்றேன்.

"அவரு வாயே திறக்க மாட்டாரு, நீ வாயே மூட மாட்டே. படகு சாயாம நிக்கும், போம்மா அட்ராக்டா."

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தாரா? தாடிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

ஏப்ரல் 8, திங்கள்

முதல் நாள். அவர் பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே முள்ளில் கட்டிய பொய் இரைகள், ஒவ்வொன்றும் விரல் நீளம், ரோமமும் இறகுமாக.

"இதென்ன, எலிக் குடும்பமா?"

"ஸ்ட்ரீமருங்க."

"ஈ மாதிரியே இல்லையே."

"ஈ இல்ல. குட்டி மீன்."

அவ்வளவுதான் விளக்கம். நான் போடுவது ஒரே தூண்டில் நரம்பில் இறகால் கட்டிய மூன்று பொய் ஈ, மூன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. அடியில் கறுப்பு, நடுவில் பச்சை, மேலே என் செல்லம் — திராட்சை ரச நிறத்தில் பொசுபொசுவென்று இருக்கும் கிளாரட் பம்பிள். தண்ணீரின் மேல் மிதக்காமல் ஒரு சாண் கீழே நீந்தும் ஈக்கள். இந்தக் கான் ஏரியில் என் அப்பா போட்டதும் அதுதான், நான் போடுவதும் அதுதான்.

எஞ்சினை நிறுத்திப் படகைக் காற்றுக்குக் குறுக்கே விட்டோம். அவர் முதல் வீச்சு வீசினார். என் கம்பளித் தொப்பி அவர் முள்ளில் மாட்டிப் பறந்து தண்ணீரில் விழுந்தது.

"பெரிய மீனா?" என்று கேட்டேன்.

"ஸாரிங்க." காது வரை சிவந்துவிட்டார். தாடி இல்லாத இடமெல்லாம் சிவப்பு.

மீன் இல்லை. தொப்பி இன்னும் அடுப்பு மேல் காய்கிறது. எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் 15, திங்கள்

நாள் முழுக்கச் சாரல். எனக்கு இரண்டு மீன். கோல்மன் பேசிய வார்த்தைகள் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஏப்ரல் 22, ஈஸ்டர் திங்கள்

இன்று தீவில் தேநீர். குழாய் மாதிரி நடுவில் தீ எரியுமே, அந்தக் கெண்டியில் சுள்ளி போட்டுக் கொதிக்கவைத்தேன். சோடா ரொட்டி, பன்றிக்கறித் துண்டு, கொஞ்சம் கடுகு. ரொட்டி யார் சுட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

பிறகு அவராகவே ஒரு கேள்வி கேட்டார். சரித்திரம்!

"நீங்க ஏன் மிதக்கிற ஈ போடறதே இல்ல?"

இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. ஏன்? மிதக்கிற ஈயில் எல்லாம் கண்முன்னே நடக்கிறது. மீன் வருவது தெரியும், வாய் திறப்பது தெரியும், நாடகம் பார்க்கிற மாதிரி. நீருக்குள் போகிற ஈயில் எதுவுமே தெரியாது. கறுப்புத் தண்ணீர், அலை, மேகம். இடது கையில் நரம்பை இழுத்துக்கொண்டே இருக்கிறேன். சும்மா இருக்கிறது, சும்மா இருக்கிறது... திடீரென்று அடியிலிருந்து யாரோ விரலைப் பிடித்து இழுக்கிறார்கள். யார், எவ்வளவு பெரியவர், எங்கிருந்து வந்தார், ஒன்றும் தெரியாது. நாள் முழுக்கக் கண்ணாடியில் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு, பார்க்காமல் ஒன்று வந்து தொடுவது எவ்வளவு பெரிய சந்தோஷம்! இத்தனை வயதிலும், ஒவ்வொரு தடவையும்.

இதையெல்லாம் அப்படியே சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதேதாங்க. ஸ்ட்ரீமரும் அதேதான். ஆனா அங்க இழுக்க மாட்டான். அடிப்பான். கதவுல கல்லு விழுந்த மாதிரி."

அப்புறம் மஞ்சள் கற்கள் நிறைந்த ஏதோ ஓர் ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், மழை வரும்வரை நிறுத்தவில்லை. ஃபெஸ்டியிடம் சொன்னால் நம்ப மாட்டான்.

மே 6, திங்கள்

என் தொழில் புத்தி கேட்குமா? கேட்டே விட்டேன். "அந்தத் தாடிய ஒரு நாள் என் கத்திரிக்குக் குடுங்களேன். உள்ள ஆள் இருக்காரான்னு பாக்கணும்."

"மொன்டானா குளிருக்குத் தாடி இல்லாம ஒரு நாள் தாங்காது. அக்டோபர்ல திரும்பப் போறவன் இப்ப எதுக்கு எடுக்கணும்?"

நியாயம்தான். அக்டோபர் எங்கோ இருக்கிறது. இன்று மூன்று மீன் எனக்கு, ஒன்று அவருக்கு. அவருடையது என் மூன்றையும் சேர்த்தால் வரும். எரிச்சல்.

மே 20, திங்கள்

மீன்கள் மேலே வந்து தின்னும் மே ஈப் பூச்சிகள் கிளம்பிவிட்டன. ஏரி முழுக்கப் படகு, திருவிழாக் கூட்டம். எல்லோரும் மிதக்கும் ஈ போட்டுக்கொண்டு வானத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் நீருக்குள்.

கோல்மன் இன்று என் ஈக்களைக் கேட்டு வாங்கிப் போட்டார். நான் பெருமையோடு கொடுத்தேன். ஆனால் என்ன அவசரம்! இழுத்து முடித்ததும் சட்டென்று தூக்கி அடுத்த வீச்சு. எனக்குப் பொறுக்கவில்லை.

"தூக்காத! நில்லு! படகுகிட்ட வந்ததும் தூண்டில் கழிய மெதுவா உயர்த்தி, மேல் ஈயைத் தண்ணி விளிம்புல நிறுத்து. அது அங்கயே நடுங்கிக்கிட்டு நிக்கட்டும். கீழ ஒருத்தன் பின்னாலயே வந்துக்கிட்டிருப்பான்யா. அவனுக்கு மனசு மாற நேரம் குடு."

"எவ்வளவு நேரம்?"

"உனக்கு அலுப்பு தட்டுற வரைக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம்."

எப்போது 'நீ' ஆனார்? தெரியவில்லை. கத்தும்போது வந்துவிட்டது. அவர் ஈயை நிறுத்தினார். கிளாரட் பம்பிள் விளிம்பில் துடித்தது. பக்கத்தில் தண்ணீர் ஒரு முறை புரண்டது, பொன்னிறமாக ஒரு முதுகு — போயிற்று, ரீல் அலறியது!

"மாதாவே!" என்றார், மொன்டானாக்காரர். கைவலையில் அள்ளியது நான். நல்ல கொழுத்த மீன். முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டு, ஈரக் கையாலேயே தாடியைத் தடவிக்கொண்டார். தாடிக்குள் சிரித்தார், இன்று நன்றாகத் தெரிந்தது.

ஜூன் 17, திங்கள்

டிம்ஃப்னாவிடம் எப்படிச் சொல்வது?

நடந்தது இது. தபால்காரி டிம்ஃப்னாவின் செம்பட்டை முடி இந்த மாவட்டத்திலேயே அழகு. வெள்ளிக்கிழமை வெட்டியபோது ஒரு கொத்தை எடுத்துவைத்து நானே ஒரு ஸ்ட்ரீமர் கட்டினேன். அவளும் பெருமையாகத்தான் கொடுத்தாள். "பெரிய மீனா புடிச்சுட்டு வா, என் முடியாக்கும்!" என்றாள்.

கோல்மன் பார்த்துவிட்டு, "மனுஷ முடி நீந்தாது, அட்ராக்டா. தண்ணியில படுத்துக்கும்" என்றார். நான் கேட்பேனா? நாணல் ஓரத்தில் போட்டேன். இரண்டாவது இழுப்பில் தண்ணீர் வெடித்தது. பைக் மீன், முதலை மாதிரி வாய். ஒரே கடி, நரம்பு அறுந்தது, போயேபோய்விட்டது.

"நீந்தலன்னு சொன்னியே!"

"நீந்தல. செத்த மீனுன்னு நெனச்சிருக்கும்."

அவ்வளவு சிரித்தோம், படகு ஆடியது. இப்போது கான் ஏரியில் ஒரு பைக் டிம்ஃப்னாவின் செம்பட்டை முடியோடு திரிகிறது.

ஜூன் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். டிம்ஃப்னா வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டே, "உனக்கென்னடி, படகுல ஜோடியா சிரிப்பும் கும்மாளமும், போறது என் முடி" என்றாள். ஜோடியாம். சீட்டுக் குலுக்கலில் வந்த ஆள். நான் அவள் தலையைத் தண்ணீருக்கடியில் அமுக்கிக் கழுவினேன், பேச்சு நிற்கட்டும் என்று.

ஜூலை 8, திங்கள்

வெயில். காற்றே இல்லை. நெஃபின் மலை தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது. மீனுக்கு வாய்ப்பே இல்லை, இருந்தும் போனோம். தீவில் தேநீருக்குப் பிறகு அவர் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். நான் ஈ கட்டுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல கைகள். ரோடு போட்ட கைகள், ஆனால் முடிச்சுப் போடும்போது பார்க்க வேண்டும்.

இந்த வரியை அடித்துவிடவா? இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

என் முறை. இன்று முழுக்க நான் ஸ்ட்ரீமர்தான் போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வெள்ளையும் பழுப்புமாக மான் வால் முடியில் கட்டிய ஒன்றைக் கொடுத்தார். நரம்பு அதைக் கீழே, நன்றாகக் கீழே கொண்டுபோகிறது. இடது கையால் இழு, நிறுத்து, இழு. அடிபட்ட குட்டி மீன் நொண்டி நொண்டி ஓடுகிற மாதிரி.

டொக். ஒரு தட்டு! கழியைத் தூக்கினேன். ஒன்றுமில்லை.

மறுபடியும் டொக். தூக்கினேன். ஒன்றுமில்லை.

"தூக்காத" என்றார் கோல்மன்.

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார். "மீன் தொட்டா கழியத் தூக்கறதுதான்யா தூண்டிலு! எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

"சின்ன ஈக்கு அது சரி. வாய்க்குள்ள போயிருக்கும். இது குட்டி மீனு. அவன் முதல்ல தட்டிப் பாப்பான், தடுமாறுதான்னு. நீ தூக்கினா குட்டி மீனு வானத்துக்குப் பறக்குது. எந்தக் குட்டி மீனு பறக்கும்? தொட்டாலும் தொடாத மாதிரி இழுத்துக்கிட்டே இரு. திரும்பி வருவான்."

புரிகிறது. ஆனால் கை கேட்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து தூக்கிப் பழகிய கை. சாயங்காலம்வரை தட்டிய மீனெல்லாம் போயின. கடைசியில் கழியைத் தூக்காமலிருக்க அதை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கோபம் வந்தது, அதைவிடச் சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

மடச்சி. மடச்சி. மடச்சி.

நல்ல அலை, நல்ல மேகம், ஆளுக்கு இரண்டு மீன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரும்பும் நேரம். அவர் நரம்பையே பார்த்துக்கொண்டு, "வீட்டுக்காரரு குளிர்காலத்துக்கும் வேணும்னா இருங்கன்னு சொல்றாரு" என்றார்.

நான் என்ன செய்தேன்? ஒரு நொடிகூட விடவில்லை. "ஐயோ, உன் பொண்ணு டாரா பாவம் காத்துக்கிட்டிருப்பா. நீ கிளம்பு சாமி! அடுத்த வருஷமாவது எனக்குப் பேசத் தெரிஞ்ச துணையா ஒருத்தர் வரட்டும்."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன்.

"அதுவும் சரிதான்" என்றார். நரம்பைச் சுற்றி வைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னே? என்னதான் அவசரம் உனக்கு? கடையில் யார் எது சொன்னாலும் பட்டென்று பதில் சொல்லிச் சொல்லியே இப்படி ஆகிவிட்டாய். அந்த மனுஷர் ஏப்ரலிலிருந்து சேர்த்துவைத்து ஒரு வாக்கியம் கொண்டுவந்தார். லேசாகத் தட்டியது. தட்டியதும் தூக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

விமான டிக்கெட் போட்டுவிட்டாராம். அக்டோபர் 5, சனி. "நல்லது" என்றேன். மீன் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஃபெஸ்டிக்கு மீசை ஒதுக்கினேன். "அடுத்த வருஷம் மறுபடியும் தொப்பியில உன் பேரா?" என்று கேட்டான். கத்திரி கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. அவன் மீசை இப்போது ஒரு பக்கம் மட்டும் சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

எல்லாவற்றையும் மீறி இன்று நல்ல நாள். பொய் சொல்லவேண்டாம் — அவரோடு படகில் இருந்தால் எனக்கு எந்த நாளும் நல்ல நாள்தான். எழுதியாகிவிட்டது. காற்று தெற்கிலிருந்து, வெதுவெதுப்பாக இருந்தது. மீன் குஞ்சுகள் நாணல் ஓரத்தில் மந்தை மந்தையாக, அவற்றின் பின்னால் ட்ரவுட் மீன்கள். இரண்டு பேரும் ஸ்ட்ரீமர். அவருக்கு நான்கு. எனக்கு ஐந்து தட்டு, ஐந்து முறை தூக்கல்.

"உன் கைய படகுலயே கட்டிப் போட்டாத்தான் சரி வரும்" என்றார்.

அடுத்த திங்கள் கடைசி நாள்.

செப்டம்பர் 30, திங்கள்

மெதுவாக எழுது. எல்லாவற்றையும் எழுது.

காலையில் குளிர். மேகம் மலையின் இடுப்புவரை இறங்கியிருந்தது. தேநீரோடு அவருக்குப் பிடிக்குமென்று திராட்சை ரொட்டி சுட்டு எடுத்துப்போனேன். ஊரில் பாதிப்பேர் ஏரியில் இருந்தார்கள், சீசனின் கடைசி நாளாயிற்றே. ஃபெஸ்டி அரை மீசையோடு தூரத்திலிருந்து கையாட்டினான்.

மதியம்வரை ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றுக்கு நாணல் முனைக்குப் போனோம். மான் வால் ஸ்ட்ரீமரை வீசினேன். கீழே இறங்க விட்டேன். இழு, நிறுத்து, இழு.

டொக்.

முழுக் கையும் தூக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஒன்றுமில்லை. இழுத்தேன். போய்விட்டதோ? போயிருக்கும். இழுத்தேன்.

கதவில் கல் விழுந்தது!

கழி படகு விளிம்புவரை வளைந்தது. நரம்பு விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது. "தூக்கலயே! நான் தூக்கலயே!" என்று கத்தினேன். ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். கோல்மன் எழுந்து நின்றுகொண்டு, படகில் எழுந்து நிற்கக்கூடாது என்று எனக்கே சொன்ன மனுஷர், "விடு, விடு, ஓடட்டும், இப்ப சுத்து, இப்ப சுத்து!" என்று கூத்தாடினார். கைவலைக்குள் அடங்காத மீன். என் வாழ்க்கையிலேயே பெரிய ட்ரவுட், வயிறு வெண்ணெய் நிறம், பக்கமெல்லாம் காசு காசாகக் கறுப்புப் புள்ளி. இரண்டு பேருமாகப் பிடித்துத் தண்ணீரில் வைத்திருந்தோம். மூச்சு வாங்கியது. பிறகு வாலை ஒரு முறை அசைத்து என் கைக்குள்ளிருந்தே நழுவிப்போனது. நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கரைக்கு வரும் வழியில் அவர் எஞ்சினை நிறுத்தினார். படகு தானாக நகர்ந்தது.

"குளிர்காலத்துக்குப் படக எங்க வைப்ப?" என்று கேட்டார்.

நாக்கு நுனியில் மூன்று பதில் வந்தது, மூன்றும் கிண்டல். விழுங்கினேன்.

"என் கொட்டகையில. கவுத்துப் போடணும்."

அவர் படகு விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அலை படகை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அலுப்புத் தட்டியது. அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

"பெயின்ட் உரியுது" என்றார்.

"ஆமா. சுரண்டி அடிக்கணும். தனியாளா முடியாது." அதோடு நிறுத்தவில்லை. "நீ இருந்தா நல்லாருக்கும், கோல்மன். பெயின்டுக்குச் சொல்லல. எல்லாத்துக்குமே."

"ம்" என்றார்.

எஞ்சினைக் கிளப்பினார். கரையில் எல்லோரும் சீசன் முடிந்ததற்குக் கைகுலுக்கிக்கொண்டார்கள், நாங்களும் குலுக்கிக்கொண்டோம். அவ்வளவுதான்.

சொன்னதற்கு வருத்தமில்லை. துளிகூட இல்லை. சனிக்கிழமை போகட்டும், நான் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஒன்றுமில்லை.

அக்டோபர் 3, வியாழன்

கடை நிறையக் கூட்டம். டிம்ஃப்னா தலை முழுக்கச் சாயத் தாள்களோடு ரேடியோப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மணி அடித்துக் கதவு திறந்தது. கோல்மன். பெண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் காது வரை சிவந்தார். ஆனால் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றி மாட்டினார், நேரே வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன, பயணத்துக்கு ஓரம் ஒதுக்கணுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எடுத்துடு."

"கொஞ்சமாவா?"

"முழுசா."

கடையில் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. டிம்ஃப்னாவால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க, மொன்டானாவுல குளிருமே?"

"அங்க குளிரும்" என்றார் கோல்மன், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு. "இங்க அவ்வளவு குளிராது."

நான் ஒன்றுமே சொல்லவில்லை. ஊரில் இதை யாரும் நம்பப் போவதில்லை. சுடுதுண்டை வைத்து, நுரை போட்டு, மெதுவாக, மிக மெதுவாக எடுத்தேன். டாரா கிறிஸ்துமஸுக்கு இங்கே வருகிறாளாம். கத்தி கன்னத்தில் இருக்கும்போதே சொன்னார்.

மோவாயில் ஒரு குழி இருக்கிறது. இத்தனை வருஷமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியே காற்று ஜில்லென்று அடித்ததால் என் கழுத்துத் துண்டைக் கட்டி அனுப்பினேன். திங்கட்கிழமை படகைச் சுரண்ட வருகிறார்.